திருக்கணிதத்தில் மறைந்த கண்: மாத வான்பட்டியல்களின் ஒரு சிறு வரலாறு

ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ‘இம்மாதம் வானில் காணத்தக்கவை’ என்னும் பட்டியல்கள் நாளிதழ்களிலும் சமூக ஊடகங்களிலும் வெளிவருகின்றன. முழுநிலவு எந்நாள், எந்தக் கோள் எத்திசையில் தெரியும், எரிமீன் பொழிவு எந்த இரவில் உச்சம் பெறும், கிரகணம் நம் ஊரில் தெரியுமா என்பனவற்றை அவை சொல்கின்றன. தொலைநோக்கி இல்லாதவரும் மொட்டைமாடியில் நின்று பயன்கொள்ளத்தக்க நல்ல வழக்கம் இது. ஆயினும் இப்பட்டியல்களில் பயிலும் சொற்களைச் சற்றே நின்று நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். ஜனவரி முழுநிலவு ‘ஓநாய் நிலா’ ஆகிறது. ஜூன் முழுநிலவு ‘ஸ்ட்ராபெரி நிலா’. ஸ்ட்ராபெரியைக் கண்ணால் கண்டிராத ஊர்களிலும் அந்த நிலா ஆண்டுதோறும் தவறாமல் உதிக்கிறது.

இப்பெயர்கள் வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்தும் அங்குக் குடியேறிய ஐரோப்பியரிடமிருந்தும் திரட்டப்பட்டு, அந்நாட்டு உழவர் பஞ்சாங்கங்களின் வழியே உலகெங்கும் பரவியவை. ஒரே மாதத்தில் வரும் இரண்டாம் முழுநிலவை ‘நீல நிலா’ என்பது, 1946-இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வெளிவந்த கட்டுரை, பழைய உழவர் பஞ்சாங்கமொன்றைத் தவறாகப் பொருள்கொண்டதால் பிறந்த வழக்கு; 1999-இல் அவ்விதழே இதனை ஒப்புக்கொண்டது. ‘சூப்பர்மூன்’ என்னும் சொல்லை 1979-இல் ஆக்கியவர் ரிச்சர்ட் நோல் என்னும் அமெரிக்கச் சோதிடர். இன்று அது அறிவியற் செய்திகளில் தயக்கமின்றிப் புழங்குகிறது. அதே செய்திகளில் ‘விசாகம்’, ‘கேட்டை’, ‘மகம்’ என்னும் பெயர்களைக் காண்பது அரிது. அவை சோதிடத்துக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. சோதிடர் ஆக்கிய சொல் அறிவியலாகவும், கண்ணால் கண்டு இடப்பட்ட பெயர் சோதிடமாகவும் மாறியிருக்கும் இந்த இடமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் விடை இது: மாத வான்பட்டியல் இந்தியாவுக்குப் புதிதன்று, பல நூற்றாண்டுகளாக வீடுதோறும் இருந்து வந்தது. ஆனால் அப்பட்டியலில் கணக்குக்கும் கண்ணுக்கும் இடையே நெடிய இழுபறி இருந்தது. கண் பின்வாங்கிய போதெல்லாம் பெயர்கள் வானத்தை விட்டு விலகித் தாளில் மட்டும் தங்கின.

1. பெயருக்குள் இருக்கும் இரவு

நிலவு விண்மீன்களின் நடுவே ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. நாளுக்கு ஒரு தங்குமிடமாக அப்பாதை 27 நாண்மீன்களாகப் பகுக்கப்பட்டது. கதிரவனும் அதே பாதையில் நகர்வதால், ஒரு முழுநிலவுக்கும் அடுத்த முழுநிலவுக்கும் இடையே 29.5 நாள் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு முழுநிலவும் முந்தையதற்குக் கிழக்கே வேறொரு விண்மீன் அருகில் அமைகிறது. ஆண்டில் பன்னிரண்டு முழுநிலவு. அவற்றுக்குப் பன்னிரண்டு நாண்மீன்கள். சித்திரை, விசாகம், கேட்டை, ஆடம் எனப்படும் பூராடம்–உத்திராடம், திருவோணம், பூரட்டாதி–உத்திரட்டாதி, அசுவினி, கார்த்திகை, மிருகசீரிடம், பூசம், மகம், பூரம்–உத்திரம் ஆகியவையே இந்திய மொழிகள் பலவற்றின் மாதப் பெயர்களுக்கு அடிப்படை.

இதனைப் பாணினி இலக்கணமாகவே வகுத்துள்ளார். நாண்மீனோடு கூடிய காலத்தைக் குறிக்கும் சொல்லாக்கத்தை முதலில் கூறி, பின்னர் அத்தகைய முழுநிலவு எந்த மாதத்தில் நிகழ்கிறதோ அம்மாதத்துக்கு அப்பெயர் அமையும் என்று தனி விதி தருகிறார். சித்ரா என்னும் விண்மீனோடு கூடிய முழுநிலவு இரவு ‘சைத்ரீ’; அவ்விரவைக் கொண்ட மாதம் ‘சைத்ர’. இரவுக்குப் பெண்பால் ஈறு. மாதத்துக்கு ஆண்பால் ஈறு.

இவ்வேறுபாடு இன்றைய மொழிகளை ஒப்பிடும்போது சுவை மிக்கதாகிறது. இந்தி வழக்கில் சைத், பைசாக், ஜேட், அசாட், சாவன், பாதோ, காதிக், அகஹன், பூஸ், மாக், பாகுன் என்பன வழங்குகின்றன. தமிழில் வைகாசி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, மார்கழி, மாசி, பங்குனி. வைசாகீ என்பது தமிழில் ஒலியிடம் மாறி வைகாசி ஆனது; ச்ராவணீ முதல்மெய் இழந்து ஆவணி ஆனது; பூசத்தின் மற்றொரு பெயரான திஷ்யத்திலிருந்து வந்த தைஷீ சுருங்கித் தை ஆனது; ப்ரோஷ்டபதீ புரட்டாசி ஆனது. வடமொழிப் பெண்பால் ஈகார ஈறே தமிழ்ப் பெயர்களின் இறுதி இகரமாகத் தங்கியுள்ளது என்று கருத இடமுண்டு. அவ்வாறாயின், வடக்கின் பேச்சுமொழிகள் மாதத்தின் பெயரைக் காத்தன. தமிழ் முழுநிலவு இரவின் பெயரைக் காத்தது எனலாம். இத்தனைக்கும் தமிழ் மாதம் கதிரவனின் நகர்வைக் கொண்டு கணிக்கப்படுவது. நிலவைக் கொண்டு அன்று. கணக்கு ஞாயிற்றுடையதாக இருந்தும் பெயர் நிலவுடையதாகவே இருக்கிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. குஜராத்திலும் மராட்டியத்திலும் தக்காணத்திலும் சாந்திரமாதம் அமாவாசையில் முடிகிறது. இந்தி வழங்கும் நிலப்பரப்பில் பௌர்ணமியில் முடிகிறது. இதனால் தேய்பிறைப் பதினைந்து நாளின் மாதப்பெயர் இரு பகுதிகளிலும் வேறுபடும். கண்ணன் பிறந்த எட்டாம் பிறைநாள் மும்பையில் ச்ராவண மாதத்தது. காசியில் பாத்ரபத மாதத்தது. நாள் ஒன்றே, பெயர் இரண்டு. ஆனால் முழுநிலவின் பெயரில் இவ்வேறுபாடு இல்லை. வைசாக முழுநிலவு எங்கும் வைசாக முழுநிலவே. புத்த பூர்ணிமாவும், ஆஷாட மாதக் குரு பூர்ணிமாவும், ச்ராவண மாத ரட்சா பந்தனும், ஆச்வின மாதச் சரத் பூர்ணிமாவும், பால்குன மாத ஹோலியும் இந்த உடன்பாட்டின் மீது நிற்பவை. தமிழகத்துச் சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் ஆகியவை இன்னும் ஒருபடி மேலே சென்று மாதத்தையும் விண்மீனையும் இணைத்தே சொல்கின்றன. விழாக்களின் பெயர்களை வரிசையாக எழுதினாலே ஒரு மாத வான்பட்டியல் கிடைத்துவிடும்.

பெயரிட்டவர்கள் அதன் எல்லையையும் அறிந்திருந்தனர். முழுநிலவு ஆண்டுதோறும் அதே விண்மீனில் சரியாக அமைவதில்லை. பக்கத்து நாண்மீனுக்கும் தள்ளிப்போகும். அதனால்தான் சூரிய சித்தாந்தம் ஒன்பது மாதங்களுக்கு இரண்டிரண்டு நாண்மீன்களையும் மூன்று மாதங்களுக்கு மும்மூன்று நாண்மீன்களையும் ஒதுக்கி 27-ஐ நிறைவு செய்கிறது. மார்கழி என்பது மிருகசீரிடத்தின் பெயர். ஆனால் விழா அடுத்த நாண்மீனாகிய திருவாதிரைக்கு உரியது. இந்த நெகிழ்ச்சி, பலரும் பல ஆண்டுகள் வானைப் பார்த்ததன் அடையாளம்.

2. பார்க்காமல் அறிதல்

பெயர் கண்ணிலிருந்து பிறந்தது. பட்டியலோ கணக்கிலிருந்து வந்தது. நாளை நிலவு எங்கிருக்கும் என்பதை இன்றே சொல்ல வேண்டுமாயின் கணக்கு வேண்டும். தென்னிந்தியாவில் இதற்கென உருவான முறை வியக்கத்தக்கது. நிலவு பூமிக்கு அண்மையில் வேகமாகவும் தொலைவில் மெதுவாகவும் நகர்கிறது. இந்த ஏற்றத்தாழ்வின் ஒரு சுற்று ஏறத்தாழ 27.55 நாள். அவ்வாறான ஒன்பது சுற்றுகள் ஏறக்குறைய 248 நாளில் நிறைவுறும். எனவே 248 நாள்களுக்குரிய நிலவின் இடங்களை மனப்பாடம் செய்துகொண்டால், தொடக்கத்தை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். எண்களுக்கு எழுத்துகளை ஈடாக்கும் கடபயாதி முறையால் ஒவ்வொரு நாளின் இடமும் பொருளுள்ள ஒரு சிறு சொற்றொடராக்கப்பட்டது. அச்சொற்றொடர்களே வாக்கியங்கள், அவற்றால் கணிக்கப்பட்டது வாக்கியப் பஞ்சாங்கம். வரருசி ஆக்கியவை என்று மரபு கூறும் இந்த 248 வாக்கியங்களை, கேரளத்துச் சங்கமக்கிராம மாதவன் பின்னர் மேலும் நுட்பமாகத் திருத்தினார்.

இம்முறை எவ்வளவு வலியது என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. சென்னை வான்காணகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த ஜான் வாரன், 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் ஆங்கில நூலில் ஒரு நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கியும் மாற்றியும், மனப்பாடமாக அறிந்த அட்டவணைகளைக் கொண்டும், அவ்வாண்டு மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தை அவர் முன்னிலையில் கணித்துக் காட்டினார். வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபாவர் பிற்காலத்தில் இதனை ஆராய்ந்து, கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் மட்டுமே பிழை இருந்ததாகக் காட்டினார். 1952-இல் தமிழ் வானியல் குறித்துத் தனிக் கட்டுரையும் எழுதினார். 248 நாள் சுற்று பாபிலோனியக் கணக்குமுறையோடு உறவுடையது என்பதும் அவர்தம் ஆய்வின் ஒரு பகுதி. ஆகவே இது ஒரு நிலத்துக்கோ மொழிக்கோ மட்டும் உரிய சொத்து அன்று. பல நாடுகளைக் கடந்து வந்து இங்கே வாய்மொழியாகச் செழித்த அறிவு.

ஆனால் வாரனின் பதிவில் மற்றொரு கூறும் உள்ளது. கணிதர் தாம் கையாண்ட விதிகளின் வானியற் பொருளை அறிந்தவர் அல்லர். சோழிகள் சரியாக நகர்ந்தன, விடையும் வந்தது. அவர் வானைப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. இது அவருடைய குறையன்று. அம்முறையின் வெற்றியே அது. பார்க்காமலே அறிய முடியும் என்பதற்காகத்தான் கணக்கு உருவாக்கப்பட்டது. எனினும் பார்க்காத கணக்கு காலப்போக்கில் வழுவும். ஒரு நாளில் சிறு நொடியாக இருக்கும் பிழை நூற்றாண்டுகளில் சேர்ந்து மணிக்கணக்காகும். அதைத் திருத்த மீண்டும் கண்ணே வேண்டும்.

3. கண்ணின் கணிதம்

இதனை இந்திய வானியலாளர் சிலர் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர், பழைய நூல்கள் கதிரவனின் தெற்கு நோக்கிய திருப்பத்தை ஆயிலியத்தின் நடுவில் வைப்பதையும், தம் காலத்தில் அது புனர்பூசத்தில் நிகழ்வதையும் குறிப்பிட்டு, ஐயமெனில் நேரில் பார்த்துச் சோதித்து அறியுமாறு சொல்கிறார். நூலின் சொல்லும் வானின் நிலையும் முரண்படும்போது வானின் பக்கம் நிற்பது எளிதன்று, அவர் நின்றார்.

கேரளத்தில் நிளா ஆற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரன் 1431-இல் ‘த்ருக்கணிதம்’ என்னும் நூலை இயற்றினார். அவர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்நிலைகளையும் நேரில் நோக்கி அளந்தார் என்று அம்மரபின் பின்னோராகிய நீலகண்டன் எழுதுகிறார். தமக்கு முன்னிருந்த கணிதமுறை வானோடு ஒத்துவராததைக் கண்டே அவர் புதிய முறையை வகுத்தார். த்ருக் என்றால் பார்வை. த்ருக்கணிதம் என்பது பார்வையோடு ஒத்துவரும் கணிதம்.

இச்சொல் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்ததுதான் இக்கட்டுரைக்குத் தலைப்பானது. வடமொழியின் ‘த்ரு’ தமிழில் ‘திரு’ ஆகும். த்ருஷ்டி என்பது திருட்டி; த்ருஷ்டாந்தம் என்பது திருட்டாந்தம். அவ்வாறே த்ருக்கணிதம் திருக்கணிதம் ஆயிற்று. ஆனால் தமிழில் ‘திரு’ என்பதற்கு முன்பே ஒரு வாழ்வு உண்டு. திருக்கோயில், திருமேனி, திருவிழா என்னும் சொற்களின் வரிசையில் திருக்கணிதமும் சேர்ந்துவிட்டது. இன்று பஞ்சாங்க அட்டையில் அச்சொல்லைக் காணும் பலர் அதனைப் ‘புனிதக் கணிதம்’ என்றே கொள்வர். ஒலிமாற்ற விதி ஒன்று தன் வேலையைச் செய்தது, வேறொன்றுமில்லை. ஆயினும் பட்டியலைக் கண்ணால் சோதிக்க வேண்டும் என்று சொல்லப் பிறந்த சொல்லிலிருந்தே கண் மறைந்து, வணக்கத்துக்குரிய அடைமொழி அவ்விடத்தில் அமர்ந்தது. மொழி வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் பல உண்டு. ஆனால் சமூகத்தில் நடந்ததைச் சொல்லிலும் காட்டும் தற்செயல்கள் சிலவே.

4. வான்காணகத்தின் முதல் உதவியாளர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல்லின் பழம்பொருளை மீட்க முயன்றவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. பஞ்சாங்கக் கணிதப் பயிற்சியுடைய மரபில் வந்து, சென்னை வான்காணகத்தில் பணியில் சேர்ந்து, நார்மன் போக்சனின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வானக் கூட்டத்தில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். இன்று அது ஆர் ரெட்டிகுலி எனப்படுகிறது. 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்துக்காக ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்திக்கு ஒரு குழுவை நடத்திச் சென்றார். 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நம் நோக்கில் முதன்மையானவை அவருடைய வேறு இரு பணிகள். ஒன்று, ஐரோப்பியக் கப்பற் பஞ்சாங்கத்தின் துல்லியமான தரவுகளைக் கொண்டு அவர் வெளியிட்ட திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியத்தைக் கைவிடுவது மரபைக் கைவிடுவதாகும் என்ற எதிர்ப்பு வலுவாக இருந்த காலம் அது. மற்றொன்று, 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்து சென்ற நிகழ்வுக்காக அவர் எழுதிய சிறுநூல். அந்நிகழ்வு ஏன் ஏற்படுகிறது, எப்போது தொடங்கும், அதனால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை எவ்வாறு அளக்கலாம் என்பனவற்றைப் பொதுமக்களுக்கு விளக்கும் அந்நூல் ஆங்கிலத்தில் மட்டுமின்றிக் கன்னடம், உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. உலகின் வான்காணகங்கள் எல்லாம் அந்நாளுக்காகக் கருவிகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, அவர் வாசகர்களையும் ஆயத்தம் செய்தார்.

மாத வான்பட்டியல் எழுதுவோர் தம் முன்னோடியாக ஒருவரைச் சுட்ட விரும்பினால் அவர் இவரே. பஞ்சாங்கம் வாங்கும் வீடுகளையும் தொலைநோக்கி உள்ள வான்காணகத்தையும் ஒருசேர அறிந்திருந்தார். இரண்டுக்கும் பொதுவான சொற்கள் வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். 1880-இல் அவர் மறைந்தார்.

5. கருவூல ஊழியரின் கண்

ரகுநாதாசாரியிடம் வான்காணகம் இருந்தது. ராதாகோவிந்த சந்திராவிடம் அதுவுமில்லை. வங்கத்தின் ஜெசூரில் 1878-இல் பிறந்த இவர் பள்ளியிறுதித் தேர்வில் மும்முறை தோற்றவர். அரசுக் கருவூலத்தில் காசு எண்ணிச் சரிபார்க்கும் சிறு பணியில் வாழ்ந்தவர். விண்மீன்களை அடையாளம் காண அவருக்குக் கற்பித்தவர் அவ்வூர் வழக்கறிஞர் காளிநாத முகர்ஜி. வங்காளத்தில் விண்மீன் நூல் எழுதிய முகர்ஜி இல்லையெனில் சந்திராவும் இல்லை என்பது கருதத்தக்கது. 1910-இல் ஹாலி வால்மீனைக் கண்ட பின், 1912-இல் சிறுகச் சேர்த்த பணத்தில் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார்.

1918 ஜூனில் கழுகு விண்மீன்கூட்டத்தில் திடீரென ஒரு விண்மீன் பேரொளியுடன் தோன்றியது. உலகின் பல இடங்களில் அதனைத் தனித்தனியே கண்டறிந்தோருள் சந்திராவும் ஒருவர். திருவோணம் இருக்கும் கூட்டம் அது. பழகிய இடத்தில் பழகாத ஒளி இருப்பதை, அவ்விடத்தை நன்கறிந்தவர் மட்டுமே உணர முடியும். அவர் தம் குறிப்பை ஹார்வர்டு வான்காணகத்துக்கு அனுப்பினார். அதன் பயனாக, ஒளிமாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்தோடு தொடர்பு ஏற்பட்டது. 1926-இல் அச்சங்கம் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தது.

அவர் செய்த வேலை எளியது, இடையறாதது. ஒரு விண்மீனின் ஒளியை, ஒளி அறியப்பட்ட அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டு எண்ணால் குறிக்க வேண்டும். அந்த ஒளியளவு முறையை 1856-இல் வகுத்தவர், பின்னர் சென்னைக்கு வந்த அதே போக்சன்தான். ஐந்து ஒளிப்படிகள் நூறு மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும். அந்த அளவுகோலைக் கொண்டு சந்திரா 1954 வரை 37,000-க்கும் மேற்பட்ட நோக்கல்களைப் பதிவு செய்து அனுப்பினார். பிரிவினைக்குப் பின் ஜெசூரை விட்டுக் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாராசாத்துக்குக் குடிபெயர்ந்தார். அவரிடமிருந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி வைணு பாப்புவின் கைக்கு வந்து, இறுதியில் தமிழகத்தின் காவலூர் வான்காணகத்தை அடைந்தது. 1975-இல் சந்திரா காலமானார்.

அவர் வாழ்க்கை காட்டுவது ஒன்று: அறிவியலுக்கு வேண்டிய கண், பட்டம் பெற்றவரிடம் மட்டும் இருப்பதில்லை. ஆனால் அக்கண்ணைத் திறந்தது தாய்மொழியில் பெயர் சொல்லிக் காட்டிய ஒருவரே.

6. நாட்டுக்கு ஒரு பட்டியல்

விடுதலைக்குப் பின் பட்டியலைச் சீர்செய்யும் பொறுப்பை அரசே ஏற்றது. 1952 நவம்பரில் மேகநாத சாகாவின் தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. 1955-இல் அறிக்கை வந்தது. நாட்டில் ஏறத்தாழ முப்பது நாட்காட்டிகள் வழங்குவதை அக்குழு கண்டது. அதனினும் பெரிய சிக்கல் பருவங்களில் இருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், சம இரவுப் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விண்மீன்களிடையே நகர்கிறது. இந்த விலக்கம் சேர்ந்து சேர்ந்து, மார்ச் 21-ஐ ஒட்டி நிகழ வேண்டிய மேடப் பிறப்பு ஏப்ரல் 14-க்கும், டிசம்பர் 22-ஐ ஒட்டி நிகழும் வடதிசைத் திருப்பத்தின் விழா ஜனவரி 14-க்கும் தள்ளிப்போயிருந்தன.

குழுவின் தீர்வு இருமுகம் கொண்டது. அரசு நாட்காட்டியைப் பருவத்தோடு பிணைத்தது. 1957 மார்ச் 22 சக ஆண்டு 1879-இன் சைத்ர முதல் நாளாயிற்று. சமய விழாக்களுக்கு விண்மீன் வழிக் கணக்கையே வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட விலக்கத்தை 23 பாகை 15 கலை என வரையறுத்தது. அவ்வளவுக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது சித்திரை விண்மீன். ராசிச் சக்கரத்தின் தொடக்கம் அதற்கு நேரெதிரே வைக்கப்பட்டது. சாகா 1956 பிப்ரவரியில் மறைந்துவிட்டதால் நாட்காட்டி நடைமுறைக்கு வந்ததை அவர் காணவில்லை. கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையம் இன்றும் ராஷ்ட்ரீய பஞ்சாங்கத்தைப் பல மொழிகளில் வெளியிட்டு வருகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. தேசிய நாட்காட்டியின் சைத்ரம் இப்போது பருவத்துக்குக் கட்டுப்பட்டது; அம்மாத முழுநிலவு சித்திரை விண்மீனருகே அமைய வேண்டிய கட்டாயமில்லை. அறிவியல் நோக்கில் செய்யப்பட்ட சீர்திருத்தமே பெயரை வானிலிருந்து சற்றுத் தளர்த்தியது. சாகாவின் முடிவு தவறு என்பது என் கருத்தன்று. உழவுக்கும் ஆட்சிக்கும் பருவமே முதன்மையானது. ஒரு நாட்காட்டி எல்லாவற்றுக்கும் உண்மையாக இருக்க இயலாது என்பதையே இது காட்டுகிறது. ஆனால் தேசிய நாட்காட்டி அரசிதழின் தலைப்பில் நின்றது. சமயப் பஞ்சாங்கம் சோதிடரின் மேசையில் நின்றது. நாண்மீன்களைக் கண்ணால் காட்டும் பொறுப்பு யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஓநாய் நிலாவும் ஸ்ட்ராபெரி நிலாவும் உதித்தன.

7. இன்று செய்யக்கூடியது

‘நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர்’ என்று முடிக்கும் கட்டுரைகள் நமக்குப் போதுமான அளவு உள்ளன. இவ்வரலாறு அவ்வாறு சொல்ல இடந்தருவதில்லை. வராகமிகிரரும் பரமேசுவரனும் ரகுநாதாசாரியும் முன்னோரின் கணக்கைத் திருத்தியவர்கள், அதனாலேயே நினைக்கப்படுகிறவர்கள்.

ஆனால் மாதப் பெயர்கள் இன்றும் சோதிக்கத்தக்கவை. பருவங்கள் விலகியிருக்கலாம்; முழுநிலவுக்கும் விண்மீனுக்கும் உள்ள உறவு விலகவில்லை. மாசி முழுநிலவன்று கிழக்கே பார்த்தால் அருகில் ஒளிரும் வெண்ணிற விண்மீன் மகம். மேலை வானியல் அதனை ரெகுலஸ் என்கிறது. சித்திரை முழுநிலவுக்கு அருகில் ஸ்பைக்கா எனப்படும் சித்திரை. ஆங்கிலப் பட்டியல் ஸ்ட்ராபெரி நிலா என்று சொல்லும் முழுநிலவுக்கு அருகில் பெரும்பாலும் செந்நிறத்தில் மின்னுவது கேட்டை, அதாவது அண்டாரஸ். சாந்திரமாதத்தின் ஜ்யேஷ்டப் பெயர் அங்கிருந்து வந்தது. கார்த்திகை முழுநிலவின் ஒளியில் அறுமீன் மங்கித் தெரியும். இருகண் நோக்கி இருந்தால் எளிதில் பிடிபடும். தைப்பூசத்தன்று பூசத்தின் மங்கலான விண்மீன்கள் நிலவொளியில் மறைந்துவிடும். புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்கும் மகத்துக்கும் இடையே நிலவு நிற்பதைக் கொண்டு உய்த்துணரலாம். ஆவணியில் திருவோணத்தை நிலவின் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. அது நிலவின் பாதைக்கு வடக்கே வெகுதொலைவில் உள்ளது. சில ஆண்டுகளில் நிலவு பக்கத்து நாண்மீனில் நிற்கும். அந்த வேறுபாட்டைக் குறித்து வைப்பதே நோக்கலின் முதல் பாடம்.

ஆகவே இரு வேண்டுகோள். இந்திய மொழிகளில் மாத வான்பட்டியல் எழுதுவோர் முழுநிலவுக்குரிய பத்தியில் ஒரு வரி சேர்க்கலாம்: அன்றிரவு நிலவு எந்த நாண்மீனருகே நிற்கும், அதனை எவ்வாறு அடையாளம் காண்பது என்று. பலன் சொல்ல வேண்டாம். இடம் சொன்னால் போதும். இரண்டாவது, மொழித்துறை மாணவர்களுக்கு: கார்த்திகைக் கூட்டத்தைத் தமிழில் அறுமீன் என்றும் இந்திப் பகுதிகளின் நாட்டார் வழக்கில் கச்பச்சியா என்றும் சொல்வது போல, விண்மீன்களுக்கு மீனவரும் உழவரும் ஆயரும் இட்ட பெயர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ளன. அகராதிகளில் ஏறாதவை அவற்றுள் பல. களப்பணிக்குச் செல்லும்போது உறவுமுறைச் சொற்களையும் பயிர்ப்பெயர்களையும் கேட்டு எழுதும் நாம், இருட்டிய பின் ஒரு மணிநேரம் முதியவர் ஒருவரோடு வெளியே நின்று, அவர் விரல் சுட்டும் இடத்தையும் சொல்லும் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் எழுதினால் போதாது. அது எந்த ஒளியின் பெயர் என்பதைக் கண்ணால் கண்டு எழுத வேண்டும்.